தோலோடு வெண்பன்றி வயிற்றுக்கறி ரோஸ்ட்: ஓடிஜியில் தோல் ஏன் பொரிய மாட்டேங்குது?

அடுப்படி_சென்னை எழுதியது:

வணக்கம். விவரம் முழுசா கொடுக்கிறேன், எங்கே தப்புன்னு சொல்லுங்க.

கறி: வெண்பன்றி, வயிற்றுப் பகுதி, எலும்பு எடுத்தது, தோலோட ஒரே துண்டு, 1.3 கிலோ. கனம் 4 முதல் 5 செ.மீ. அடுப்பு: 40 லிட்டர் ஓடிஜி (மேசை மேல வைக்கிற சின்ன மின் அடுப்பு), மேலேயும் கீழேயும் சூடாகிற கம்பி, ஃபேன் உண்டு, அதிகபட்சம் 250 டிகிரி.

செஞ்ச முறை: தோலைக் கத்தியால கட்டம் கட்டமா நல்லா ஆழமாக் கீறினேன். இஞ்சி பூண்டு விழுது, மிளகு, உப்பு, எலுமிச்சைச் சாறு எல்லாத்தையும் கறியிலும் தோலிலும் தடவி, டப்பாவில் மூடி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வெச்சேன். மறுநாள் 200 டிகிரியில் 1 மணி 15 நிமிஷம். எண்ணெய் சொட்டிப் புகையக் கூடாதுன்னு கீழ் ட்ரேயில் தண்ணி.

வந்த லட்சணம்: ஓரம் கருகிடுச்சு, நடுவில் தோல் ரப்பர். துண்டு கிண்ணம் மாதிரி வளைஞ்சுடுச்சு. கொழுப்பு உருகாம வெள்ளையா நிக்குது, கறி ஜவ்வு மாதிரி இழுக்குது. தண்ணி வெச்சும் புகை வந்துச்சு. கடைசி 15 நிமிஷம் 250க்கு ஏத்திப் பார்த்தேன், கருகல்தான் கூடுச்சு.

தோல் அப்பளம் மாதிரி கொப்புளம் கட்டிப் பொரியணும், கறி மெத்துன்னு இருக்கணும். ரெண்டும் ஒரே துண்டில் ஓடிஜியில் சாத்தியமா?

---

மூன்றடுக்கு_ஈப்போ எழுதியது:

சாத்தியம்தான். 40 லிட்டர் ஓடிஜி இதற்குத் தாராளம். மலேசியாவில் சீனர் கடைகளில் தொங்கும் ‘சியூ யுக்’ நீங்கள் கேட்கும் பண்டம்தான். வயிற்றுக்கறிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே மூன்றடுக்கு இறைச்சி.

தோல் எப்படிப் பொரிகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கூழ் வற்றலை நினைத்துக்கொள்ளுங்கள். மாவைத் தண்ணீரில் வேகவைக்கிறோம், பிழிந்து வெயிலில் காயவைக்கிறோம், கடைசியில் கொதிக்கும் எண்ணெயில் போடுகிறோம். வேகாத மாவைக் காயவைத்தால் பொரியாது. ஈர வற்றலைப் போட்டாலும் பொரியாது. எண்ணெய் காயாவிட்டாலும் பொரியாது. பன்றித் தோலும் அதே கணக்குத்தான். அதிலுள்ள கொலாஜன் என்ற கெட்டிப் புரதம் முதலில் ஈரச் சூட்டில் வெந்து ஜெலட்டின் என்ற பசையாக வேண்டும். பிறகு காய வேண்டும். கடைசியில் கடும் சூடு பட்டால் உள்ளே மிஞ்சிய கொஞ்ச ஈரம் ஆவியாகி, இளகிய ஜெலட்டினை ஊதிக் கொப்புளமாக்கும். நீங்கள் மூன்றையும் ஒரே 200 டிகிரிக்குள் அடக்கப் பார்த்தீர்கள். ஓரம் வேகுமுன் காய்ந்து கருகியது, நடு காயாமல் ரப்பரானது. அந்த நிலையில் 250க்கு ஏற்றினால் ஏற்கெனவே காய்ந்த இடம்தான் எரியும்.

இனி முறை. 1.3 கிலோவுக்கான அளவுகளே தருகிறேன்.

அகலமான சட்டியில் 2 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கொதிக்கவிட்டு, தோல் கீழே இருக்கும்படி 8 முதல் 10 நிமிடம் வையுங்கள். கறி தண்ணீரில் மூழ்கத் தேவையில்லை. எடுத்துக் கத்தியின் முதுகால் தோலைச் சுரண்டினால் அழுக்கும் மிச்ச மயிரும் வந்துவிடும். வெந்த தோலில் ஊசி சுலபமாக இறங்கும்.

அடுத்தது குத்துவது. இந்த வேலையில்தான் பொறுமை வேண்டும். இங்கே பசாரில் பல ஊசி வைத்த கருவியே கிடைக்கும். உங்களுக்குக் கிடைக்காவிட்டால் மூன்று நான்கு கம்பிக் குச்சிகளைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள், கோணூசியும் ஆகும். சன்னமான தையல் ஊசி வேண்டாம், முனை உடைந்து உள்ளே தங்கிவிடும். சதுர அங்குலத்துக்கு 30 குத்தாவது இருக்க வேண்டும், ஓரங்களையும் விடக் கூடாது. ஊசி தோலைத் தாண்டிக் கொழுப்பு வரை போகலாம், கறிக்குள் இறங்கக் கூடாது. இறங்கினால் கறிச்சாறு அந்தத் துளை வழியே மேலேறித் தோலை நனைக்கும். அந்த இடம் பழுப்பாகி இறுகிப் போகுமே தவிரப் பொரியாது.

கறிப் பக்கத்தில் நீளவாக்கில் 3 செ.மீ. இடைவெளிக்கு ஒன்றாக 1.5 செ.மீ. ஆழம் கீறுங்கள். மசாலா உள்ளே போகும், துண்டும் அதிகம் வளையாது. மசாலா: தூளுப்பு 15 கிராம் (தட்டையாக இரண்டரைத் தேக்கரண்டி), வறுத்துப் பொடித்த சோம்பு 1 தேக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி, பட்டை ஒரு சிறு துண்டு, அன்னாசிப்பூ ஒன்று, கிராம்பு இரண்டு, சர்க்கரை 1 தேக்கரண்டி. இஞ்சி பூண்டு வேண்டுமானால் கறிப் பக்கம் மட்டும் மெல்லிசாகத் தடவலாம். தோலில் ஒரு துளியும் படக் கூடாது, பட்டால் பூண்டு கருகிக் கசக்கும். எலுமிச்சைச் சாறும் தோலுக்கு ஈரம்தான் சேர்க்கும்.

பிறகு தோலை நன்றாகத் துடைத்து, 1 தேக்கரண்டி தூளுப்பைத் தேய்த்து, மூடாமல் ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம் வையுங்கள். 48 ஆனால் இன்னும் நல்லது. மூடி வைத்தது உங்கள் முதல் தவறு. எடுக்கும்போது தோல் விறைத்து, கண்ணாடித்தாள் போல் பளபளத்து, விரலில் ஒட்டாமல் இருக்க வேண்டும்.

அடுப்பில் வைக்கும் நாளில் தோலில் வியர்த்திருக்கும் உப்புநீரைத் துடைத்துவிடுங்கள். இரட்டை மடிப்பு அலுமினியத் தாளில் துண்டுக்குச் சரியாக ஒரு தொட்டி செய்யுங்கள். சுவர் கறியின் பக்கங்களை ஒட்டி நிற்க வேண்டும், தோல் மட்டம் வரைக்கும்தான் உயரம். தோல் மேல் 200 கிராம் கல்லுப்பை ஒரு முட்டை வெள்ளைக்கருவில் பிசறி, அரை செ.மீ. கனத்துக்கு ஓரம் வரை பரப்புங்கள். இந்த உப்புமூடி தோலின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே, தோல் நேர்ச்சூட்டில் அவசரப்பட்டு இறுகாமலும் காக்கும்.

முதல் கட்டம்: 160 டிகிரி, இரண்டு கம்பியும் ஃபேனும் ஓடட்டும், நடுத்தட்டு, 90 நிமிடம். வெளியே எடுத்தால் உப்பு ஓடு மாதிரிப் பெயரும். ஒட்டிய ஒவ்வொரு கல்லையும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். தொட்டியில் தேங்கிய கொழுப்பைக் கவனமாக வடித்துக்கொள்ளுங்கள், உருளைக்கிழங்கு வறுக்க அதைவிட நல்ல கொழுப்பு கிடையாது.

இரண்டாம் கட்டம்: அடுப்பை 240க்கு ஏற்றி, சூடு ஏறும் வரை கறி வெளியே காத்திருக்கட்டும். தோல் மேடுபள்ளமாக இருந்தால் தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் அலுமினியத் தாளை உருட்டி வைத்து மட்டமாக்குங்கள். தோலுக்கும் மேல் கம்பிக்கும் 8 முதல் 10 செ.மீ. இடைவெளி வேண்டும். 20 முதல் 30 நிமிடம். 10 நிமிடத்தில் படபடவென்று சத்தம் கேட்கும், கொப்புளம் ஓர் ஓரத்தில் தொடங்கிப் பரவும். பாதியில் ட்ரேயை ஒரு முறை திருப்பி வையுங்கள். முந்திப் பொரிந்த இடத்துக்கு மட்டும் தாள் துண்டு போட்டு மறைத்து, மற்ற இடத்துக்கு நேரம் கொடுங்கள். அங்கங்கே கருத்தால் பயம் வேண்டாம், ஆறியபின் ரம்பப் பல் கத்தியால் சுரண்டினால் கருப்பு மட்டும் உதிரும். கடைக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

---

சப்பையும்தொடையும் எழுதியது:

மேலே சொன்ன முறை கச்சிதம். ஆனா நம்ம ஊர்ல இதுல பாதிப் பிரச்சினை கடையிலேயே ஆரம்பிக்குது, அதை மட்டும் சேர்க்கிறேன்.

முதல்ல, மயிர் எப்படி எடுத்தாங்கன்னு கேளுங்க. வெந்நீர் ஊத்திச் சுரண்டின தோல் வெளுப்பா, ஒரே சீரா இருக்கும். தீயில வாட்டின தோல் மஞ்சளாவோ திட்டுத் திட்டாக் கருப்பாவோ இருக்கும், மேல்பரப்பு அங்கங்க ஏற்கெனவே சுட்டு இறுகிப் போயிருக்கும். அந்த இடம் மத்த தோலோட சேர்ந்து பொரியாது. ரோஸ்ட்டுக்கு வெந்நீர்த் தோல்தான் கேக்கணும். வாட்டினதுதான் கிடைச்சா, வெதுவெதுப்பான தண்ணில 10 நிமிஷம் ஊற வெச்சு, கருப்பு முழுக்கப் போற வரைக்கும் கத்தியால சுரண்டுங்க. குழம்புக்கு வாட்டின தோல்ல தனி வாசனை இருக்கு, அதுக்கு அதுதான் நல்லது. இதுக்கு வேணாம்.

கடைக்காரர் கத்தி எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லணும்: “வயித்துக்கறி, வெட்ட வேணாம், ஒரே துண்டா.” விலாவை ஒட்டின பக்கம் கேளுங்க, அங்கதான் 4-5 செ.மீ. கனம் வரும், கொழுப்பும் கறியும் சமமா அடுக்கா இருக்கும். பின்கால் பக்கம் போகப் போக மெலிஞ்சு 2 செ.மீ. ஆயிடும், அது அடுப்புல வறண்டு போகும். முலைக்காம்பு வரிசை இருக்கிற ஓரத்தை நறுக்கி எடுத்துடுங்க.

கறிக்குள்ள அரிசி மாதிரி வெள்ளை வெள்ளையாச் சின்னக் கொப்புளம் தெரிஞ்சா அந்தக் கறியே வேணாம். அது நாடாப்புழுவோட இளம்புழு (லார்வா) இருக்கிற பை. ஒண்ணு ரெண்டுதானேன்னு நோண்டி எடுத்துட்டுச் சமைக்கக் கூடாது.

வாடை விஷயம் ரொம்பப் பேருக்குத் தெரியறதில்ல. காயடிக்காத ஆண்பன்றி பருவத்துக்கு வந்துட்டா கொழுப்புல ஒரு மூத்திர வாடை ஏறும். பச்சையா இருக்கும்போது தெரியாது, சூடு பட்டாத்தான் கிளம்பும். மசாலாவால மறைக்க முடியாது. அதனால வாங்கினதும் நெல்லிக்காய் அளவு கொழுப்பை வெட்டிக் காய்ஞ்ச தோசைக்கல்லுல போட்டு மோந்து பாருங்க. அந்த வாடை சிலர் மூக்குக்குத் தெரியவே தெரியாது, அதனால வீட்டுல இன்னொருத்தரையும் மோக்கச் சொல்லுங்க. வாடை இருந்தா ரோஸ்ட் வேணாம்னு அப்பவே முடிவு பண்ணிடலாம், 24 மணி நேரம் காயவெச்ச பிறகு தெரிஞ்சா எல்லாமே வீண்.

ஞாயித்துக்கிழமை காலைல அறுத்த கறியை அன்னிக்கு மதியமே அடுப்புல ஏத்தாதீங்க. அறுத்த சில மணி நேரத்துல சதை விறைக்கும், அப்பச் சமைச்சா ஜவ்வாத்தான் இருக்கும். ஒரு நாள் ஃப்ரிட்ஜ்ல இருந்தா விறைப்பு விட்டுடும். தோலைக் காயவைக்கிற நேரமும் அதுவும் ஒண்ணாப் போயிடுது.

---

குளிர்நாட்டு_அவன் எழுதியது:

நான் கொஞ்சம் வேறுபடுறன். தோலைக் கீறினதில பிழையில்லை, இங்க இங்கிலாந்தில ரோஸ்டுக்கு எல்லாரும் கீறித்தான் வைக்கினம். ஆழமாக் கீறினதுதான் பிழை. புது பிளேட் போட்ட வெட்டுக்கத்தியால 1 செ.மீ. இடைவெளியில, தோலும் அதுக்குக் கீழ கொஞ்சக் கொழுப்பும் மட்டும் பிளக்கக் கீற வேணும், சதையில படவே கூடாது. கீறினால் கொறிக்கிறதுக்குக் கெட்டியான, வரிவரியான தோல் வரும். குத்தினால் பஞ்சு மாதிரி லேசாக் கொப்புளிச்ச தோல் வரும். நீங்கள் அப்பளம் மாதிரி எண்டு கேட்டபடியால் குத்துறதுதான் உங்களுக்குச் சரி.

கீழ்த் தட்டில தண்ணி வைக்கிறது முதல் கட்டத்துக்கு ஓம், கடைசிக் கட்டத்துக்கு வேண்டவே வேண்டாம். தோலைக் காயவைக்கிற நேரத்தில அடுப்புக்குள்ள ஆவி சுத்தினால் அது எப்பிடிக் காயும்? அலுமினியத் தொட்டி வைச்சால் கொழுப்பு கீழ்க் கம்பியில சொட்டாது, தண்ணியே தேவையில்லை. எண்டாலும் கொழுப்பு பத்தி எரிஞ்சால் கதவைத் திறக்காமல், தண்ணி ஊத்தாமல், மின்சாரத்தை நிப்பாட்டிவிட்டு அப்பிடியே விடுங்கோ. காத்தில்லாமல் அணைஞ்சிடும்.

நேரத்தை நம்பாதேங்கோ, வெப்பமானியை நம்புங்கோ. சின்ன அடுப்புகளின்ர குமிழ் காட்டுற டிகிரிக்கும் உள்ளுக்கு இருக்கிற சூட்டுக்கும் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். வெப்பமானிக் கம்பியைப் பக்கவாட்டாக் கறிக்குள்ள குத்தி, முனை சதையின்ர நடுவில நிக்க வேணும், கொழுப்பிலயும் தொட்டியிலயும் முட்டக் கூடாது. வயித்துக்கறிக்கு முதல் கட்டம் முடியேக்க 82 முதல் 85 டிகிரி. வரேல்லையெண்டால் இன்னும் 15 நிமிசம் விடுங்கோ. சதையை இறுக்கிப் பிடிச்சிருக்கிற கொலாஜன் 70க்கு மேலதான் மெல்ல மெல்லக் கரையும், அதுக்கு நேரமும் வேணும். உங்கட கறி இழுத்ததுக்குக் காரணம் இதுதான்: வெளியில 200 டிகிரி, உள்ளுக்குக் கரையிறதுக்குப் போதிய நேரமில்லை.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க வேளாண் துறை 2011இல முழுத்துண்டுப் பன்றி இறைச்சிக்கான அளவை 71இல இருந்து 63 டிகிரிக்கு இறக்கினது, கறியை அடுப்பால எடுத்தபிறகு 3 நிமிசம் ஆறவிடச் சொல்லி. ஆனால் அந்தச் சூடு சாப்பிடத் தோதுப்படுறது கொழுப்பில்லாத முதுகுப் பகுதிக்குத்தான். வயிறு, சப்பை எல்லாம் 80ஐத் தாண்டினால்தான் மெத்தெண்டு வரும், அதால கிருமி, புழுப் பயம் தன்னாலயே போயிடும். ஊர்க் கடையில வாங்கின முதுகுக்கறியெண்டால் 70 வரைக்கும் கொண்டுபோறதுதான் என்ர கருத்து. அதுக்கு மேல போனால் வறண்டு நார் ஆகிடும்.

வயிறு கிடைக்காதவைக்கு முன்சப்பை நல்லது, பிழை விட்டாலும் பொறுத்துப்போற துண்டு. 2 கிலோ, தோலைக் கீறி, உப்புப் போட்டு ஒரு நாள் காயவைச்சு, 150 டிகிரியில மூண்டரை தொடக்கம் நாலு மணித்தியாலம், உள்ளுக்கு 90 வரும் வரைக்கும். பிறகு 240இல 20 நிமிசம்.

---

அடுப்படி_சென்னை எழுதியது:

மூணு பேருக்கும் நன்றி. மூணு சந்தேகம் பாக்கி. என் ஃப்ரிட்ஜ் பழைய ஒத்தைக் கதவு, உள்ளே எப்பவும் ஈரம் கோக்கும். அதில் தோல் காயுமா? ரெண்டாம் கட்டத்திலும் ஒரு பகுதி பொரியலைன்னா என்ன பண்றது? கொடகு கச்சம்புளி (கொடம்புளிச் சாறைக் காய்ச்சின கருப்பு வினிகர்) கொஞ்சம் இருக்கு, மசாலாவில் சேர்க்கலாமா?

---

மூன்றடுக்கு_ஈப்போ எழுதியது:

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஈரம் அதிகம்தான், பனி கட்டாத (ஃப்ராஸ்ட்-ஃப்ரீ) ஃப்ரிட்ஜ் என்றால் காற்று சுற்றுவதால் சீக்கிரம் காயும். உங்களுடையதில் 48 மணி நேரம் வையுங்கள். தோலில் கசியும் நீரை 6 மணி நேரத்துக்கு ஒரு முறை துடையுங்கள். சொட்டும் ஃப்ரீஸர் தட்டுக்கு நேர்கீழே வைக்க வேண்டாம். அடுப்பில் ஏற்றுமுன் டேபிள் ஃபேனை நேராகத் தோலுக்குத் திருப்பி 40 நிமிடம் காற்று விடலாம். சென்னை வெயிலில் அதற்கு மேல் வெளியே வைக்காதீர்கள். அவசரத்துக்கு முடி உலர்த்தும் கருவியும் உதவும், குளிர்காற்றில்.

கச்சம்புளி தாராளமாகச் சேர்க்கலாம், பன்றிக்கறிக்கென்றே பிறந்த புளிப்பு அது. ஒரு தேக்கரண்டி போதும், கறிப் பக்கம் மட்டும். சர்க்கரையை விட்டுவிடாதீர்கள், அது இருந்தால்தான் புளிப்பு கடுக்காது.

---

சப்பையும்தொடையும் எழுதியது:

பொரியாத பகுதிக்கு: 30 நிமிஷம் தாண்டியும் அசையலைன்னா மொத்தத் துண்டையும் அங்கேயே வெச்சுக் காய்ச்சாதீங்க, கறி வறண்டுடும். கத்தியைப் படுக்கவெச்சு அந்தத் தோலை மட்டும் சீவி எடுங்க. அடியில ஒட்டின கொழுப்பை 3 மி.மீ. விட்டுட்டுச் சுரண்டிடுங்க. தோலை மட்டும் கம்பித்தட்டுல 230 டிகிரில 10-12 நிமிஷம், இல்லைன்னா விரல் அகலத்துக்கு நறுக்கி, ஈரம் துடைச்சு, நல்லாக் காய்ஞ்ச எண்ணெயில. எண்ணெய் தெறிக்கும், மூடியைக் கேடயமாப் பிடிச்சுக்கோங்க.

வெளிய எடுத்ததும் 15 நிமிஷம் ஆறவிடுங்க. மேல எதையும் போட்டு மூடாதீங்க, ஆவியில தோல் நமத்துடும். வெட்டும்போது துண்டைக் கவுத்து, தோல் கீழ, கறி மேல. கறியை முதல்ல அறுத்து இறக்கிட்டு, தோல்கிட்ட வந்ததும் கனமான கத்தியோட முதுகுல உள்ளங்கையால ஒரே அழுத்து. மேலிருந்து அறுத்தா தோல் நொறுங்கிக் கொழுப்போட வழுக்கிட்டுப் போயிடும்.

மீந்தது மறுநாள் நமத்திருக்கும். 200 டிகிரில 8-10 நிமிஷம், தோல் மேல பாத்து வெச்சா திரும்ப மொறுமொறுப்பு வந்துடும். மைக்ரோவேவ்ல வெச்சீங்கன்னா தோல் மறுபடி ரப்பர்தான்.